கட்டைக் கம்பெனி

வெங்காயம் கிலோ நாற்பது ரூபாயைத் தொட்ட வாரம் அது.

மெஹ்ரா காகிதக் கட்டுக்குள்ளிருந்து முதல் அத்தியாயத்தை மட்டும் உருவி எடுத்தார். மேஜையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

"மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. இது வேண்டாம்" என்றார் இந்தியில்.

நாராயணாவில் துருவதாரா டிரை செல் கம்பெனியின் ஆபீஸ். கம்பெனியைப் புதிதாக வாங்கிய பம்பாய்க்காரர்கள் அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட விரும்பினார்கள். எழுதுகிற வேலை ஜ்யோத்ஸ்னாவுக்குக் கிடைத்தது. இருபத்தேழு வயதில் அவள் பெயர் அட்டையில் வரப்போகிற முதல் புத்தகம். எழுதியதைச் சரிபார்க்கிற வேலை மெஹ்ராவுக்கு. அவர் பேட்டரித் தொழிற்சாலைகளில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் சார்?"

"ஐம்பத்தொன்றில் மெஷின் வந்தது. அப்போதிருந்து இவர்கள் செல் செய்தார்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது. அதற்கு முன்பும் செய்தார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். அதற்கு எது ஆதாரம்?"

"கிஷன்கஞ்ச் கொட்டகை நாற்பத்தேழில் எரிந்துபோயிற்று சார். எல்லாமே அதோடு போயிற்று."

முதல் அத்தியாயம் அந்தக் கொட்டகையைப் பற்றியது. சாந்தினி சௌக்கில் டார்ச் விற்றுக்கொண்டிருந்த பனாரஸி தாஸ் என்பவர், போர் வந்து வெளிநாட்டு செல் நின்றுபோனதும், கிஷன்கஞ்சில் தகரக் கொட்டகை போட்டார். பட்டாளத்து டெலிபோன்களுக்குப் பெரிய செல் தேவைப்பட்டது. மெஷின் கிடையாது. எல்லாம் கையால். செய்தவர்கள் மதராஸிப் பெண்கள். சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கையெல்லாம் கறுப்பாக இருக்கும் என்று பனாரஸி தாஸின் மகன் அவளிடம் சொன்னார்.

"அப்போது அவருக்கு என்ன வயது?" என்றார் மெஹ்ரா.

"ஏழு."

மெஹ்ரா சிரிக்கவில்லை. "போர்க்காலத்தில் எல்லாரும் செய்ததைத்தான் இவர்களும் செய்திருப்பார்கள். எங்கேயோ கிடந்த வெளிநாட்டு செல்லை மொத்தமாக வாங்கி மேலே தங்கள் லேபிளை ஒட்டியிருப்பார்கள். நான் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன்."

"கையால் செய்த செல் ஒன்று கிடைத்தால்?"

"கொண்டு வா. லேபிளைக் காட்டாதே. லேபிளை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். உள்ளே இருப்பதைக் காட்டு."

"கிடைக்காவிட்டால்?"

"தசரா முடிந்ததும் புத்தகம் அச்சுக்குப் போகிறது. இது இல்லாமல் போகும்."

அவள் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். மெஹ்ரா அவற்றைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

*

தேடாமல் இல்லை. போன வாரமே தம்பி அனிருத்தின் ஸ்கூட்டரில் திரிலோக்புரி வரைக்கும் போனாள். அங்கே தமிழர்கள் இருக்கும் பிளாக்கில் குஞ்சம்மாள் என்று ஒரு கிழவி, சண்டைக் காலத்தில் கிஷன்கஞ்சில் வேலை செய்தவள் என்று யாரோ சொன்னார்கள்.

"எந்தக் கம்பெனி பாட்டி?"

"கட்டைக் கம்பெனி."

"கட்டையா?"

"ஆமா. கட்டை செஞ்சோம். நல்லா உருண்டையா, இந்தத் தண்டி."

அனிருத் அக்காவின் காதில் சொன்னான்: "மரக்கடை. சலோ."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

இருவரும் டெல்லியில் பிறந்தவர்கள். தெரிந்த தமிழ் அம்மா ருக்கு வீட்டில் பேசுகிற தமிழ். அதில் கட்டை என்றால் விறகு.

ஞாயிற்றுக்கிழமை. மோதி பாக் குவார்ட்டர்ஸ். கீழே வேப்ப மரத்தடியில் இஸ்திரி போடும் லட்சுமணனின் மேஜை. லட்சுமணன் சின்னசேலத்துக்காரர். மேஜையின் ஒரு மூலையில் கரிப்பெட்டி, இன்னொரு மூலையில் டிரான்சிஸ்டர். ஜிம்பாப்வேயில் மாட்ச். ரேடியோவைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். அதில் ஒன்று அனிருத்துடையது.

ஜ்யோத்ஸ்னா மாடி பால்கனியில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மெஹ்ராவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். 

கீழே ரேடியோ கம்மியது. இழுத்தது. நின்றது.

"அடச் சே!" லட்சுமணன் அதன் முதுகில் தட்டினார். "கட்டை தீந்துபோச்சு! அனிருத் தம்பி, ஓடிப்போயி ரெண்டு கட்டை வாங்கியாந்துருப்பா. ஜல்தி!"

"கட்டையா? பொட்டில கரிதானே போடுவீங்க?"

"அட, பொட்டிக்கு இல்லப்பா. ரேடியோவுக்கு!"

"ரேடியோவுக்கு எதுக்கு அண்ணா கட்டை? எரிக்கப் போறீங்களா?"

"எரிச்சாலும் எரிப்பேன், இப்ப இருக்கற ஆத்திரத்துக்கு. ஓடுப்பா!"

ஜ்யோத்ஸ்னாவின் கை தலைமேலேயே நின்றது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"லட்சுமணன் அண்ணா! என்ன வாங்கணும்?"

"கட்டைம்மா! பேட்டரிக் கட்டை!"

துண்டு தலையிலேயே இருந்தது. படிகளைத் தாவித் தாவி இறங்கினாள். ரேடியோக் கூட்டம் வழி விட்டது.

"அதுக்குப் பேர் கட்டையா?"

"பின்ன? ரேடியோக் கட்டை, டார்ச் கட்டை. எங்க ஊர்ப் பக்கம் எல்லாம் அப்படித்தான். நீங்க என்னான்னு சொல்லுவீங்க?"

 அனிருத்தின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"ஸ்கூட்டர் சாவி எங்க?"

"அக்கா, மாட்ச்!"

"மரக்கடை இல்லடா. அனிருத், அது மரக்கடை இல்ல! உருண்டையா, இந்தத் தண்டி! நாமதான் டீயைக் குடிச்சுட்டு வந்துட்டோம்!"

அனிருத் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு சாவிக்காக ஓடினான்.

மாடியிலிருந்து ருக்குவின் குரல்: "ஈரத் தலையோட எங்கடி கிளம்பறே? வெங்காயம் இல்லாம ஒரு சாம்பார் பண்ணி வெச்சிருக்கேன், அதைச் சாப்பிடக்கூட ஆளில்லையா?"

"அம்மா, கட்டைன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? காலம்பறலேர்ந்து சமையல்கட்டுல நிக்கறதே, இந்தக் கட்டைதான்!"

ஸ்கூட்டர் கிளம்பியது. லட்சுமணன் பின்னாலேயே நாலடி ஓடினார்.

"தம்பி! என் கட்டை?"

*

நிஜாமுத்தீன் பாலம் தாண்டுவதற்குள் தலை காய்ந்துவிட்டது. அனிருத் இரண்டு சிக்னலை மதிக்கவில்லை. 

குஞ்சம்மாள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கீழே பேரன் பெண்டாட்டி அபிராமி மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆயுத பூஜை வியாபாரம். ஈரத் துணியில் மொட்டு குவிந்து கிடந்தது.

"மறுக்காவும் வந்துட்டீங்களா?" என்றாள் கிழவி. "அன்னிக்கு டீ ஆறங்காட்டியும் ஓடுனீங்க. வூட்ல பால் பொங்கிட்டிருந்துச்சா?"

"பாட்டி, கட்டைன்னா டார்ச்சுல போடற கட்டையா?"

"பின்ன, பொணம் எரிக்கற கட்டையா?"

அபிராமி சிரித்து ஒரு மொட்டை நழுவ விட்டாள்.

ஜ்யோத்ஸ்னா தரையில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்க மறந்து எழுதப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் சொல்லுங்கோ. முதல்லேர்ந்து."

"சொல்றதுக்கென்ன? அந்தக் கம்பெனிய நடத்துனதே நாங்கதான். மொதலாளி லாலா சும்மா உக்காந்து பான் மென்னாரு."

பட்டாளத்துக்காரர்கள் தங்கக் கட்டிடம் கட்ட மேஸ்திரி ஒருவர் ஊரிலிருந்து ஆட்களை ரயிலேற்றினார். குஞ்சம்மாளின் புருஷன் அதில் ஒருவன். அவளுக்கு அப்போது பதினாலு வயது. புருஷன் கல் சுமந்தான். அவளும் அவளுடைய ஓரகத்தி தங்கமும் கொட்டகைக்குப் போனார்கள்.

"கறுப்பா மாவு வரும். மசாலான்னுவாங்க. நடுவுல ஒரு கரிக்குச்சிய நட்டு, சுத்தி மசாலாவ அப்பி இறுக்கணும். மேல துணி சுத்தி நூலால கட்டணும். அதுக்குப் பேரு பொம்மை. பொம்மையத் தகர டப்பாவுல எறக்கி, சுத்தியும் கஞ்சி ஊத்தணும். மைதா, நவச்சாரம் எல்லாம் போட்டுக் காச்சின கஞ்சி. மேல கீலு ஊத்தி மூடிட்டா கட்டை ரெடி. அவ்ளோதான்."

"கை கறுப்பாயிடுமா?"

"கையா? சோறு கறுப்பாத் திம்போம்."

"நூல் எப்படிக் கட்டுவீங்க?"

"கேட்டியே ஒரு கேள்வி!" கிழவி கட்டிலில் நிமிர்ந்தாள். "சுத்திக்கினே போயி கடைசீல ஒரு முடிச்சுன்னு ஒரு சர்தார் சொல்லிக் குடுத்தாரு. அது நழுவிரும். மசாலா பிதுங்கும். அட போய்யான்னுட்டு நாங்க பூ கட்டற மாதிரி கட்டுனோம். சுத்துக்கு ஒரு முடிச்சு. அப்பறம் அது எங்க நழுவும்? மொதல்ல அப்படிக் கட்டுனவ நான்தான். தங்கம், அவதான்னு சொல்லுவா. பொய்."

"யாரு வேகம்?"

"நான். எனக்கு இடக்கை வேற. பாக்கறதுக்கே ஆளுங்க வருவாங்க."

"தங்கம் இப்ப எங்க?"

"ஊருக்குப் போனா. அங்கயே செத்தும் போனா. இருந்திருந்தா, அவதான் வேகம்னு இந்நேரம் உங்கிட்ட சத்தியம் பண்ணியிருப்பா."

ஜ்யோத்ஸ்னா எழுதுவதை நிறுத்தினாள். கேட்கப் பயமாக இருந்தது.

"பாட்டி, அந்தக் கட்டை ஏதாவது ஒண்ணு..."

கிழவி தாடையால் உள்ளே காட்டினாள்.

சுவரில் ஒரு பலகை. முருகன் படம், மாரியம்மன் படம். இரண்டுக்கும் நடுவில் உருளையாக ஒன்று. சந்தனமும் குங்குமமும் ஏறி ஏறிப் பட்டையாக இறுகிப்போயிருந்தது. உச்சியில் பித்தளைத் திருகு மட்டும் பளபளத்தது.

"ஒரு ஆயுத பூசைக்கு லாலா ஆளுக்கொரு கட்டை குடுத்தாரு, சாமிகிட்ட வெக்கச் சொல்லி. வெச்சேன். அப்பறம் எறக்கல. வருசா வருசம் பொட்டு வெச்சுடுவேன். எங்க குடிசையெல்லாம் பிரிச்சு லாரியில ஏத்தி இங்க கொண்டாந்து எறக்குனாங்களே, அப்பக்கூட மடியிலதான் இருந்துச்சு."

அபிராமி அதை இறக்கிக் கொடுத்தாள். கனத்தது. இரண்டு டம்ளரை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உயரம். ஜ்யோத்ஸ்னா கிழவியைப் பார்த்தாள். கிழவி தலையாட்டினாள். ஜ்யோத்ஸ்னா துப்பட்டா நுனியால் ஒரு இடத்தில் மெல்லத் தேய்த்தாள். குங்குமம் உதிர்ந்தது. ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று தெரிந்தது. அதன் கீழே ஆங்கில எழுத்துகள்.

"துருவ தாரா" என்று படித்தான் அனிருத். குனிந்தான். "அக்கா! டெல்லின்னு போட்டிருக்கு! டெல்லி!"

அவன் கத்தியதில் பக்கத்து வீட்டு டி.வி.யின் சத்தம் குறைந்தது. இரண்டு பெண்கள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜ்யோத்ஸ்னாவுக்கு அப்போதுதான் மெஹ்ரா சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே இருப்பதைக் காட்டு.

அதைத் திரும்பப் பலகையில் வைத்தாள். அதைத் திறக்கலாமா என்று கிழவியிடம் கேட்கவில்லை.

தெருமுனையில் எஸ்.டி.டி. பூத். மெஹ்ரா வீட்டில் இருந்தார்.

"எவ்வளவு உயரம்?" என்றார். "மேலே மூடியிருப்பது கீலா, மெழுகா? கசிந்திருக்கிறதா? திருகு பித்தளையா?"

அவர் இவ்வளவு வேகமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"நகர்த்தாதே. யாரையும் தொட விடாதே. நானே வருகிறேன்."

*

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மெஹ்ராவின் மாருதி சந்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. அவர் கையில் ஒரு பை.

கட்டிலில் செய்தித்தாள் விரித்து செல்லை அதன்மேல் வைத்தார்கள். மெஹ்ரா கண்ணாடியை மாற்றிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். நகத்தால் கீலைச் சுரண்டினார். கிழவியின் முன்னால் வேண்டாம் என்றோ என்னவோ, ஆங்கிலத்துக்கு மாறினார்.

"அழகாக இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. டப்பா எங்கிருந்தும் வந்திருக்கலாம். அறுக்க வேண்டும்."

பையிலிருந்து ஆக்ஸா பிளேடை எடுத்து வைத்தார்.

"அது எதுக்கு?" என்றாள் குஞ்சம்மாள்.

ஜ்யோத்ஸ்னா சொன்னாள்.

"சாமிய அறுப்பியா நீ?"

கிழவி எழுந்தாள். செல்லை எடுத்தாள். உள்ளே போய்ப் பலகையில் வைத்தாள். முருகன் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி நேராக்கினாள். வந்து உட்கார்ந்தாள்.

மெஹ்ரா பிளேடைப் பைக்குள் போட்டார்.

"நான் வற்புறுத்த மாட்டேன். அவளுடையது. ஆனால் புத்தகத்தில் நான் லேபிளைத்தான் பார்த்தேன் என்றுதான் எழுத முடியும். லேபிள் ஒட்டினார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

அவர் செருப்பைத் தேடினார். அனிருத் அக்காவைப் பார்த்தான்.

"என்னா சொல்றாரு அவரு?" என்றாள் குஞ்சம்மாள். "இங்கிலீசுல என்னா ரகசியம்?"

"இத நீங்க செய்யவே இல்லங்கறார் பாட்டி. வெளிநாட்டுக் கட்டையாம். நீங்க மேல சீட்டு ஒட்டினீங்களாம். அவ்வளவுதானாம்."

இதை ஜ்யோத்ஸ்னா வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் இப்படிச் சொன்னாள்.

குஞ்சம்மாள் கட்டிலிலிருந்து எழுந்தாள். மெஹ்ராவின் மார்பு உயரம்கூட இல்லை.

"க்யா போலா? காகஜ் சிப்காயா? ஹம்னே?" சீட்டு ஒட்டினோமா, நாங்களா என்று இந்தியிலேயே பாய்ந்தாள்.

"மாதாஜி, மேரா மத்லப்..."

"சுப்!" உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதற்கு மேல் அவளுக்கு இந்தி போதவில்லை. "பாருய்யா! கைரேகை எங்க போச்சு? சீட்டு ஒட்டியா போச்சு? நவச்சாரம் தின்னுடுச்சு! ரேசன் கார்டுக்கு உருட்டறதுக்குக் கட்டை விரலு இல்லாம அலைஞ்சேன்!"

சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ கை தட்டினார்கள்.

உள்ளே போனாள். பலகையிலிருந்து அதை இறக்கினாள். புடவைத் தலைப்பால் சந்தனத்தையும் குங்குமத்தையும் பட்டை உரியும்படி அழுத்தித் துடைத்தாள். கட்டிலில் தொப்பென்று வைத்தாள்.

"அறு. அறுய்யா! உள்ள எங்க கட்டு இருக்குதா இல்லியான்னு பாரு. என்னுதா, தங்கத்துதாங்கறதையும் நான் பாத்துர்றேன்."

"ஆயா, யோசிச்சுக்க" என்றாள் அபிராமி.

"யோசிக்க என்னாடி? அறுக்கச் சொல்லு!"

மெஹ்ராவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அனிருத் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மெஹ்ரா அறுத்தார். துத்தநாக டப்பா சில இடங்களில் தானாகவே அரித்துப்போயிருந்தது. வெள்ளைப் பொடி செய்தித்தாளில் கொட்டியது. மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி எழுந்தது. முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். கிழவி மட்டும் குனிந்து இழுத்து முகர்ந்தாள்.

"அதே நாத்தம்" என்றாள். கண்கள் பளபளத்தன.

மெஹ்ரா டப்பாவைச் செல்லின் நீளத்துக்கு இரண்டு கோடாக அறுத்தார். விளிம்பை விரலால் நெம்பினார். தகரம் உரிந்தது. உள்ளே கஞ்சி காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது. பிளேடின் கைப்பிடியால் தட்டினார். விரிசல் விட்டது. இன்னொரு தட்டு. ஒரு பக்கம் முழுக்கப் பாளமாகக் கழன்று விழுந்தது.

துணி தெரிந்தது. பழுப்பேறிய துணி. அதன்மேல் நூல். சுற்றுக்குச் சுற்று ஒரு முடிச்சு. முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, முதுகெலும்பு மாதிரி இறங்கின.



மெஹ்ரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி கீழே இறக்கினார்.

"இது என்ன?" என்றார் இந்தியில். "ஜெர்மன் செல்லை அறுத்திருக்கிறேன். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, எல்லாம் அறுத்திருக்கிறேன். நூலைச் சுற்றியிருப்பார்கள். கடைசியில் கட்டியிருப்பார்கள். இப்படி ஒரு முடிச்சை நான்..."

  ஜ்யோத்ஸ்னா அபிராமியின் கைகளைக் காட்டினாள்.

அபிராமி கட்டிக்கொண்டுதான் இருந்தாள். சாயந்திரத்துக்குள் இருபது முழம் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு. காம்புகள் மேல் நூல் ஒரு சுற்று. விரலில் ஒரு முறுக்கு. வளையத்தைக் காம்புகளில் மாட்டி ஒரு இழுப்பு.

மெஹ்ரா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது.

"மகளே, இன்னொரு தரம். மெதுவாக."

அபிராமி வெட்கப்பட்டு மெதுவாகக் கட்டினாள்.

"இன்னும் மெதுவாக."

கட்டினாள். மெஹ்ரா பொம்மையைச் சரத்தின் பக்கத்தில் பிடித்தார். முடிச்சையும் முடிச்சையும் பார்த்தார். ஒரே வளையம். ஒரே முறுக்கு. மல்லிகை இருக்க வேண்டிய இடத்தில் துணி.

"அரே வாஹ்!" என்று அவர் கத்தினார். "வாஹ்! வாஹ்! இதை உலகத்தில் வேறு எங்கே கட்டுவான்? ஜெர்மன்காரனா கட்டுவான்?"

சந்து மொத்தமும் சிரித்தது. மெஹ்ரா அபிராமியிடமிருந்து நூலைப் பிடுங்கித் தானே கட்டிப் பார்த்தார். மொட்டுகள் மடியில் உதிர்ந்தன. மறுபடி கட்டினார். மறுபடி உதிர்ந்தன.

"சார், முழத்துக்கு எவ்வளவு வாங்குவீங்க?" என்றான் அனிருத்.

மெஹ்ராவுக்கு அது காதில் விழவில்லை. பையைக் கவிழ்த்தார். முதல் அத்தியாயம் வெளியே விழுந்தது. அதை இத்தனை நாள் கூடவே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். பக்கங்களில் பென்சில் குறிப்பு.

"இது முதலில் வருகிறது. முதலில்! இன்னும் மூன்று பக்கம் எழுது. முடிச்சைப் பற்றி எழுது. படம் வேண்டும். பக்கம் முழுக்க ஒரே படம், இந்த முதுகெலும்பு மட்டும். நான் பம்பாய்க்குப் போன் பண்ணுகிறேன். பூத் எங்கே?"

செருப்பில்லாமலே ஓடினார். இரண்டு பேர் அவருக்கு வழி காட்டிக்கொண்டு கூடவே ஓடினார்கள்.

அனிருத் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கேமராவை எடுத்தான். ஒரு ரோல் முழுவதும் எடுத்துத் தீர்த்தான். ஜ்யோத்ஸ்னா எழுதிக்கொண்டிருந்தாள். கை வேகத்துக்கு எழுத்து வரவில்லை. குஞ்சம்மாள் என்று எழுதினாள். தங்கம் என்று எழுதினாள். இரண்டு பெயரையும் தமிழில் எழுதினாள், தப்பில்லாமல் வந்ததா என்று ஒருமுறை பார்த்தாள்.

"இன்னும் யாரெல்லாம் பாட்டி? கூட உக்காந்தவா பேரெல்லாம் சொல்லுங்கோ."



குஞ்சம்மாள் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக் கீழே வந்தாள். இடக்கையால் காற்றில் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

"என்ன பாட்டி?"

"முறுக்கு அந்தப் பக்கமாப் போவுது."

"அப்படின்னா?"

"இது வலக்கை." கிழவி நிமிர்ந்தாள். "இது தங்கத்துது."

ஜ்யோத்ஸ்னாவின் பேனா நின்றது.

"லாலா மாத்திக் குடுத்துட்டாரு" என்றாள் குஞ்சம்மாள். "இத்தினி வருசமா அந்தச் சிறுக்கிக்கா நான் பொட்டு வெச்சுக்கினு இருந்தேன்?"

அபிராமிதான் முதலில் சிரித்தாள். பிறகு கிழவியே சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். இருமலுக்கு நடுவில் தங்கத்தை இன்னும் இரண்டு வார்த்தை திட்டினாள். அவள் முடிச்சு கெட்டியாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். ஒன்றுகூடத் தளரவில்லை, பார்.

பூத்திலிருந்து மெஹ்ராவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "நஹீன், நஹீன், கையால்! கையால் கட்டியது! பூ மாதிரி!"

அனிருத் செய்தித்தாளின் நாலு மூலையையும் சேர்த்து, தகரத்தையும் வெள்ளைப் பொடியையும் பாளங்களையும் மூட்டையாகக் கட்டினான். பொம்மையைக் கிழவியின் மடியிலிருந்து ஜ்யோத்ஸ்னா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புத்தகத்துக்கு ஸ்டூடியோவில் நல்ல படம் எடுக்க வேண்டும். பம்பாய்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும். அதைத் துப்பட்டாவில் சுற்றினாள். அவளுக்கு இப்போதே வீட்டுக்குப் போய் எழுத உட்கார வேண்டும்போல் இருந்தது.

குஞ்சம்மாள் திரும்பி உள்ளே பார்த்தாள். முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் பலகையில் ஒரு வட்டம், சுற்றிலும் சிவப்பாக, நடுவில் வெறும் மரமாக இருந்தது. அவள் தலைப்பிலும் விரலிலும் குங்குமம் ஒட்டியிருந்தது.

"அதெல்லாம் சரி, பொண்ணு. நாளைக்கு நான் எதுக்குப் பொட்டு வெக்கறது?"